ஒரு நாய்க்கு ஒரு பிள்ளை: நான் எழுதும் காட்டேரிக் கதை

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை கி.பி. 376இல் டான்யூப் ஆற்றங்கரையில் தொடங்குகிறது, 410இல் ரோம் நகரத்தில் முடிகிறது, நடுவில் ஓர் இரத்தக் காட்டேரி வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு எழுதுகிற கதை. வேலை முடிந்து வந்து, சாப்பாடு முடிந்து, ஆயா தூங்கப் போன பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் இதற்கு. கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, ஏன் ரோம்? இன்னொன்று, அப்போ அந்தக் காட்டுமிராண்டிகள்தான் இரத்தக் காட்டேரிகளா?

இரண்டாவது கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் படித்தபோது "காட்டுமிராண்டிகளின் படையெடுப்பு" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஹூணர், கோத்துகள், வேண்டல்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டார்கள். அந்தச் சொல்லுக்கு மூலம் கிரேக்கம். புரியாத பாஷை பேசுகிறவன் "பர் பர்" என்று ஏதோ உளறுவதுபோல் காதில் விழுந்ததாம், அதனால் அவன் பார்பரோஸ். அவ்வளவுதான் அர்த்தம், பேச்சு புரியாதவன். இதே வேலையை நாமும் செய்திருக்கிறோம். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் வேலை செய்கிறவர்கள் "வன்கண் யவனர்", அவர்களை அடுத்து நிற்பவர்கள் நாவால் பேசாமல் உடம்பால் பேசுகிற மிலேச்சர். ரோமாபுரியில் இருந்தவன் கோத்தைப் பார்த்துச் சொன்னதை, அந்தத் திசையிலிருந்து வந்தவனைப் பார்த்து இங்கே ஒரு புலவர் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கே என் நாவலில் காட்டுமிராண்டி என்ற சொல்லை ரோமானியர்களின் வாயில் மட்டும்தான் வைப்பது என்று முடிவு செய்தேன், கதை சொல்கிற குரலில் அது வராது.

சரி, 376க்கு வருகிறேன். ஹூணர்கள் கிழக்கிலிருந்து அடித்து நெருக்க, கோத்துகள் குடும்பம் குடும்பமாக டான்யூபின் வடகரையில் வந்து நின்று, உள்ளே விடுங்கள், உழுது பிழைத்துக்கொள்கிறோம், படையில் சேர்கிறோம் என்று ரோமப் பேரரசர் வேலன்ஸிடம் கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. படகிலும் தெப்பத்திலும் குடைந்த மரத்திலும் ஏறி, மழையில் பெருகிய ஆற்றைக் கடந்தார்கள், நிறையப் பேர் முழுகிப் போனார்கள். தென்கரையில் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டியவர்கள் லூபிசினஸ், மேக்சிமஸ் என்ற இரண்டு ரோம அதிகாரிகள். அவர்கள் செய்ததை அம்மியானஸ் மார்செலினஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் கோத்துகளுக்கு வேண்டியவர் கிடையாது, ரோமப் படையில் இருந்த கிரேக்கர், அவர் எழுதியிருப்பது இது: எங்கிருந்தெல்லாமோ நாய்களைப் பிடித்து வரச் செய்து, பட்டினி கிடந்தவர்களிடம் விற்றார்கள். விலை, ஒரு நாய்க்கு ஓர் அடிமை. அப்படிப் போனவர்களில் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் புத்தகத்தை மூடியே வைத்திருந்தேன். "இரத்தத்தை உறிஞ்சுறான்" என்று நாம் யாரைச் சொல்கிறோம்? கந்துவட்டிக்காரனை, கூலியைப் பிடித்துக்கொள்கிற மேஸ்திரியை. பட்டினி கிடக்கிறவன் எதிரில் நாயோடு வந்து நின்று பிள்ளையைக் கேட்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த பாஷையிலும் இருக்காது. என் காட்டேரி அந்த இடத்தில் பிறந்தது. அவன் கோத்து இல்லை, ஹூணனும் இல்லை, நாய்க் கூண்டுகளோடு வந்த ரோமப் படைக் கணக்கன். அந்தக் குளிர்காலம் முழுக்க பிள்ளைகளை வாங்குகிறான், எழுதிக்கொள்கிறான், கையொப்பம் போடுகிறான், முப்பத்து நான்கு வருடம் கழித்து ரோமில் பெரிய வீட்டில் அதே முகத்தோடு இருக்கிறான், ஒரு முடிகூட நரைக்கவில்லை.

இந்த மாதிரிக் கதைகளை நான் தேடித் தேடிப் படிப்பவள். பழைய காலத்தை வைத்து எழுதுகிற காட்டேரிக் கதைகளில் பெரும்பாலும் ஒரே தப்பு நடக்கிறது. குதிரையில் வருகிறவன், முடி வளர்த்தவன், தோலாடை போட்டவன், அவனுக்குத்தான் கோரைப்பல் முளைக்கிறது. எழுதுகிறவர்களுக்கு அது சுலபம், வெளியிலிருந்து வருவது எல்லாம் பயம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அந்தப் படையெடுப்புகளின் ஆவணங்களில் மனித இரத்தத்தைக் குடித்ததாகக் கண்ணால் கண்டது மாதிரி வருகிற காட்சி எங்கே இருக்கிறது தெரியுமா? 378 ஆகஸ்ட் 9இல் ஏட்ரியானோபிள் போரில் வேலன்ஸ் செத்துப்போனார், அவர் உடலே கிடைக்கவில்லை. ஜெயித்த கோத்துகள் நேராகப் பேரரசின் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனார்கள். அங்கே நகரத்தைக் காத்தவர்களில் சாரசன் என்று அழைக்கப்பட்ட அரபு வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், நீண்ட தலைமுடி, இடுப்புத் துணியைத் தவிர உடம்பில் ஒன்றுமில்லை, கரகரத்த குரலில் கத்திக்கொண்டு கத்தியோடு கோத்துகளின் நடுவில் பாய்ந்து ஒருவனைக் கொன்று, அந்தக் கழுத்தில் வாயை வைத்து இரத்தத்தை உறிஞ்சினான். பார்த்த கோத்துகளுக்கு வெலவெலத்துப் போனது. எழுதியவர் அதே அம்மியானஸ்தான். குடித்தவன் ரோமின் பக்கம் நின்றவன், நடுங்கியவர்கள் காட்டுமிராண்டிகள்! அந்தச் சாரசனையும் ஒரு மிருகத்தைப்போலத்தான் அவர் வர்ணிக்கிறார், அதையும் மறக்காமல் படிக்க வேண்டும்.

நம் பரணியில் பேய்கள் போர் செய்வதில்லை. அரசர்கள் சண்டை போட்டு முடித்த பிறகு களத்துக்கு வந்து கூழ் காய்ச்சிப் பசியாறுகின்றன. கலிங்கத்துப்பரணியைக் காலேஜில் பாடமாகப் படித்தபோது அது வெறும் கற்பனை அலங்காரம் என்று நினைத்தேன். இப்போது அதுதான் எனக்கு வழிகாட்டி. மனிதர்கள் பிணத்தை உண்டாக்குகிறார்கள், பேய் அப்புறம் வருகிறது.

ரோமுக்குள் போகலாம். 408இல் கோத்துகளின் தலைவர் அலாரிக் நகரத்தைச் சுற்றி வளைத்து, டைபர் ஆற்றில் தானியம் வரவிடாமல் தடுத்தார். ரொட்டிப் படி முதலில் பாதியானது, பிறகு மூன்றில் ஒன்று. ரோமச் சட்டப்படி நகர எல்லைக்குள் பிணம் புதைக்கக் கூடாது, அது ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. வாசல்களை எல்லாம் எதிரி மறித்திருக்கும்போது எங்கே கொண்டு போவார்கள்? பிணங்கள் உள்ளேயே கிடந்தன, நகரமே இடுகாடாகிவிட்டது என்கிறார் சோசிமஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். காட்டேரிக் கதை எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நாற்றம், இருட்டு, எண்ணப்படாத சாவு, யார் பட்டினியால் செத்தார் யார் கழுத்தில் காயத்தோடு செத்தார் என்று பார்க்க ஆளில்லாத தெருக்கள். என் கணக்கன் அந்த வருடத்தில்தான் நன்றாகக் கொழுக்கிறான்.

முற்றுகையை விலக்கிக்கொள்ள அலாரிக் வாங்கிய பொருளின் கணக்கு இன்றைக்கும் இருக்கிறது. தங்கம் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல், பட்டு அங்கி 4,000, செந்நிறச் சாயம் ஏற்றிய தோல் 3,000, அப்புறம் மிளகு 3,000 ராத்தல். மிளகு! ரோம ராத்தல் ஏறக்குறைய 327 கிராம், பெருக்கிப் பார்த்தால் 980 கிலோ சொச்சம் வருகிறது, ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் இருபது மூட்டை. பழைய கடலூர் முதுநகரில் மண்டி வாசலில் இருபது மூட்டை அடுக்கி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு சின்ன லாரியில் ஏற்றிவிடலாம். அந்த மிளகு மலையாளக் கரையில் கொடியிலிருந்து பறித்து, வெயிலில் காயவைத்து, கப்பலேறிப் போனது. தங்கம் போதாமல் கோயில் சிலைகளை உருக்கினார்கள். அதில் வீரத் தெய்வத்தின் சிலையும் ஒன்று.

"ஏன் ரோம்?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த மிளகுதான் என் பதில். புதுச்சேரி பஸ்ஸில் போகும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன், அந்த ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டி, அரெட்டைன் என்ற இத்தாலியச் சிவப்பு மண்கிண்ணத் துண்டுகளையும் ஆம்போரா ஜாடிகளையும் எடுத்த மேடு. நேரில் போனால் நிற்கிற செங்கல் தூண்களைக் காட்டி ரோமர் கட்டடம் என்று சிலர் சொல்வார்கள், அது 18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷன் கட்டியதன் மிச்சம். ரோமோடு தொடர்புடையது மண்ணுக்குள் இருந்தது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஜாடித் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன், கைப்பிடி ஒன்று, நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக் கைப்பிடியைவிடத் தடிமன், விரல் பட்டுத் தேய்ந்த மாதிரி ஒரு வழவழப்பு. நாவலில் வருகிற பெரிய வீட்டின் நிலவறையில் நான் வைத்திருக்கிற ஜாடிகள் அதைப் பார்த்து எழுதியவைதான்.

பேயைப் பற்றிய விவரத்தில் நான் ரொம்பக் கறாராக இருக்கிறேன். வெயில் பட்டால் எரிந்து சாம்பலாவது 20ஆம் நூற்றாண்டுச் சினிமா சேர்த்தது, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேம்பயர் என்ற சொல்லே ஐரோப்பா முழுக்கப் பரவியது 1725க்குப் பிறகு, செர்பியாவில் கிசிலியேவோ என்ற கிராமத்தில் ஒரு குடியானவரின் பிணத்தைத் தோண்டி மார்பில் கழியை அடித்த செய்தி வந்த பிறகுதான். அந்தக் கிராமம் டான்யூப் பக்கம். 441இல் ஹூணர்கள் தரைமட்டமாக்கிய விமினாசியம் என்ற ரோமக் கோட்டை நகரமும் அதே வட்டாரம்தான். வரைபடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ரோமர்களுக்கு என்று சொந்தமாகப் பயம் இருந்தது. ஸ்ட்ரிக்ஸ் என்று ஒரு இராப்பறவை, தொட்டிலில் இருக்கிற குழந்தையின் இரத்தத்தைக் குடிக்க வரும். அதைத் தடுக்க ஜன்னலில் வெள்ளை முட்செடிக் கிளையை வைத்ததாக ரோமக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். இதை ஆயாவிடம் சொன்னேன். ஆயா ஆச்சரியப்படவே இல்லை. என் சித்தி பிரசவமாகி வந்தபோது வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகி, பாய்க்கு அடியில் ஒரு பழைய அரிவாளை வைத்தது ஆயாதான். துருப்பிடித்த அரிவாள், பிடி உடைந்துபோய் துணி சுற்றியிருக்கும், பதினாறு நாளும் யாரும் அதை நகர்த்தக் கூடாது. "காட்டேரி இரும்பத் தாண்டாது" என்பார். காட்டேரிக்குப் பூசையும் உண்டு நம் பக்கம், மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு அங்காளம்மன் புறப்படும்போது கூட வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே. பயப்படுகிற பொருளுக்கே படையல் வைக்கிற மனசு ரோமர்களுக்கும் இருந்தது. மே மாதத்தில் மூன்று இராத்திரி, குடும்பத் தலைவர் வெறுங்காலோடு நடுச்சாமத்தில் எழுந்து கருப்பு மொச்சைகளைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டே, இவற்றால் என்னையும் என் மக்களையும் மீட்கிறேன் என்று ஒன்பது முறை சொல்வார், திரும்பிப் பார்க்கக் கூடாது. என் நாவலின் ஆறாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு இராத்திரி. மொச்சை தரையில் விழுகிற சத்தத்தை எழுத மட்டும் நாலு நாள் ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோமுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் போல இருக்கிறது லுன்யானோ என்ற ஊர். அங்கே பாழடைந்த மாளிகையின் அறைகளில் ஐந்தாம் நூற்றாண்டு நடுவில் குழந்தைகளை மட்டும் புதைத்திருக்கிறார்கள். கூடவே நாய்க்குட்டிகளின் எலும்பும் அண்டங்காக்கையின் நகமும். மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் எலும்பில் மலேரியா கிருமியின் மரபணு கிடைத்தது, நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்களே அது. கைகால்மேல் கல்லை வைத்துப் புதைத்திருந்தார்கள். 2018இல் பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் எலும்புக்கூட்டை எடுத்தார்கள், வாயில் ஒரு கல். எழுந்து வந்துவிடக் கூடாது என்று. 452இல் ஹூணர்களின் அரசர் அட்டிலா இத்தாலியின் வடக்கை அழித்துவிட்டுத் திரும்பிப் போனார், அவர் படையைப் பட்டினியும் நோயும் வாட்டியதாகப் பதிவு இருக்கிறது. அதே வருடங்களில், பெயர் தெரியாத ஒரு குடும்பம் தன் பிள்ளை வாயில் கல்லை வைத்துக்கொண்டிருந்தது. எந்தப் படைவீரனும் அந்த வீட்டுக்குள் வரவில்லை. காட்டேரி பயம் அங்கே இருந்தது, கொசு கடித்து, சுரம் கண்டு.

அட்டிலாவை நான் நாவலில் சேர்க்கவில்லை. புதுமனைவியோடு இருந்த இராத்திரியில், உடம்பில் ஒரு காயமும் இல்லாமல், மூக்கிலிருந்து கொட்டிய இரத்தத்தில் செத்துக்கிடந்தார். பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று பெட்டிகளில் வைத்துப் புதைத்து, புதைத்தவர்களையும் கொன்றுவிட்டார்கள். கேட்டாலே காட்டேரிக் கதைதான், அதனால்தான் எல்லோரும் அதைத் தொடுகிறார்கள். எனக்கு அலாரிக் போதும். 410 ஆகஸ்ட் 24 இராத்திரி சலாரியா வாசல் திறந்தது, கோத்துகள் மூன்று நாள் கொள்ளையடித்தார்கள், பேதுரு, பவுல் கோயில்களுக்குள் ஓடியவர்களை விட்டுவிட்டார்கள். வாசலைத் திறந்தது யார்? பிற்காலத்தில் எழுதிய புரொகோபியஸ் இரண்டு கதை சொல்கிறார், அலாரிக் அடிமைகளாக அனுப்பிவைத்த இளைஞர்கள் காவலைக் கொன்று திறந்தார்கள் என்று ஒன்று, பட்டினியைப் பார்க்கச் சகிக்காமல் ப்ரோபா என்ற பெரிய வீட்டு அம்மாள் தன் ஆட்களை விட்டுத் திறக்கச் சொன்னாள் என்று இன்னொன்று. அதற்கு முன்பே, 408 முற்றுகை முடிந்தபோது ரோமில் இருந்த அடிமைகளில் ஏறக்குறைய எல்லோரும் நகரத்தைவிட்டு அலாரிக் பக்கம் போய்விட்டார்கள் என்று சோசிமஸ் சொல்கிறார். என் கதையில் திறக்கிறவள் நாற்பத்திரண்டு வயதுப் பெண். எட்டு வயதில் நாய்க்கு விலையாகப் போனவள்.

அவளுக்குப் பெயர் தேடித்தான் கோத்திக் மொழிப் பக்கம் போனேன். நாலாம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் அந்த மொழியில் பைபிளை மொழிபெயர்த்தார், அதில் கொஞ்சம் இன்றும் இருக்கிறது. அப்பாவுக்கு அவர்கள் சொல் அத்தா. எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பாய் பிள்ளைகள் கூப்பிடுவதும் அத்தாதான், சொந்தமில்லாத இரண்டு சொல், காதுக்கு ஒன்று. அட்டிலா என்ற பெயரே "சின்ன அப்பா" என்று கோத்திக்கில் வந்ததுதான் என்று பல மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் செத்துப்போன பெண்ணின் கையைப் பிடித்து இயேசு எழுப்புகிற இடத்தில், "சிறு பெண்ணே, எழுந்திரு" என்பதில் "சிறு பெண்ணே" என்பதற்கு வுல்ஃபிலா போட்ட சொல் மாவிலோ. சின்னப் பொண்ணு என்று அர்த்தம். வாங்கினவர்கள் அவள் பெயரைக் கேட்கவில்லை, ஆற்றங்கரையில் அம்மா கடைசியாகக் கூப்பிட்ட சொல்லே பெயரென்று எழுதிக்கொண்டார்கள். அப்படி அவள் மாவிலோ ஆனாள்.

போன வாரம் கரண்ட் போன இராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆயாவுக்குக் கதையை முழுசாகச் சொன்னேன். ரோம், கோத்து எதுவும் அவருக்குத் தெரியாது, நாய் விவகாரம் வந்ததும் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார். கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார், "அந்தப் பொண்ணோட அம்மா என்னா ஆனா கண்ணு?"

என்னிடம் பதில் இல்லை. அம்மியானஸ் நாயைச் சொல்கிறார், அதிகாரிகளின் பெயரைச் சொல்கிறார், பெற்றவர்களைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. நானும் மூன்று வருடம் அவளை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் பதினெட்டாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். ஆகஸ்ட் 24 இராத்திரி, வாசலுக்கு உள்பக்கம் மாவிலோ நிற்கிறாள், தாழ்ப்பாள்மேல் கை. இராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை வரை வாய் திறக்கக் கூடாது, பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்று ஆயா எனக்குச் சொன்னதை, அவளுடைய அம்மாவும் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். வெளியில் ஒரு வயசான குரல் மாவிலோ என்கிறது. திரும்பவும் மாவிலோ என்கிறது. அவள் மூன்றாவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், நேற்று இராத்திரி அதுவரைதான் எழுதினேன்.